இருங்காட்டுக்கோட்டையில் முதல் ரேஸ் வார இறுதி: லைசென்ஸ் எடுப்பதிலிருந்து வண்டியை வீட்டுக்குக் கொண்டுவருவது வரை

160 அல்லது 200 சிசி வண்டி ஒன்று இருக்கிறது, ஈ.சி.ஆரில் விடியற்காலையில் விரட்டியது போதும், இனி முறையாக ரேஸ் ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கம்பெனி டீம் கிடையாது, ஸ்பான்சர் கிடையாது, சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசுதான் என்கிற ஆட்களுக்கு. எப்படி ஓட்டுவது என்பதைப் பற்றி இங்கே எதுவும் இல்லை. அதைச் சொல்லித்தரப் பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. எந்தப் பேப்பரை எங்கே, எப்போது கொடுப்பது, எவ்வளவு ஆகும் என்பதைச் சொல்லத்தான் ஆளில்லை. மெக்கானிக்கிடம் ஒன்று, பேடாக்கில் (டிராக்கில் வண்டிகளை நிறுத்தித் தயார்செய்யும் இடம்) பக்கத்து ஷெட்காரரிடம் ஒன்று என்று கேட்டுக் கேட்டு அலைந்துதான் நான் இதைச் சேர்த்தேன். மொத்தமாக ஒரே இடத்தில் இருந்தால் உங்களுக்கு ஒரு சீசனாவது மிச்சமாகும்.

நான் சொல்வதெல்லாம் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை டிராக்கை வைத்து. ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில், பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குச் சொந்தமானது. முழுச் சுற்று 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். ஓட்டுகிறவர்கள் இன்னும் எம்.எம்.ஆர்.டி. என்பார்கள், அறிவிப்புகளில் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று வரும். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டப் போகிறீர்கள் என்றாலும் பேப்பர் வேலையும் வண்டி வேலையும் ஏறக்குறைய இதேதான்.

1. எந்த வழியில் உள்ளே போவது என்று முடிவு செய்யுங்கள்

டிராக்கில் ஓட்ட மூன்று வழிகள் உண்டு. முதலாவது டிராக் டே. பணம் கட்டினால் உங்கள் வண்டியில், உங்களைப் போன்ற வேகக்காரர்களோடு குழுவாக ஓட்டலாம். போட்டி கிடையாது, போட்டி லைசென்ஸும் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். இரண்டாவது பயிற்சிப் பள்ளி. பெரும்பாலான பள்ளிகள் வண்டியும் தருகின்றன, சில இடங்களில் உடையும் வாடகைக்குக் கிடைக்கும். மூன்றாவதுதான் ரேஸ்.

இந்த மூன்றில் பள்ளிக்குத்தான் முதலில் போக வேண்டும். டிராக் டேயில் சுற்றிச் சுற்றி ஓட்டினால் உங்கள் தவறான பழக்கங்களைத்தான் வேகமாகச் செய்யப் பழகுவீர்கள். அது மட்டுமல்ல, முதல் முறை எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்ற கூட்டமைப்பிடம் ரேஸ் லைசென்ஸ் கேட்கும்போது அங்கீகாரம் பெற்ற பள்ளியின் சான்றிதழ் கைகொடுக்கும். பணம் கட்டுவதற்கு முன் பள்ளியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்க சர்டிஃபிகேட்டை வைத்து எஃப்.எம்.எஸ்.சி.ஐ. லைசென்ஸ் அப்ளை பண்ணலாமா?" பதில் வழவழா கொழகொழா என்று வந்தால் வேறு இடம் பாருங்கள்.

ரேஸிலும் இரண்டு வகை உண்டு. டி.வி.எஸ்., ஹோண்டா போன்ற நிறுவனங்கள் நடத்தும் ஒன் மேக் போட்டிகளில் வண்டி அவர்களுடையது, எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி. ஆனால் தேர்வு உண்டு. லேப் டைம், அதாவது ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரம், பார்ப்பார்கள், சிலவற்றில் வயது வரம்பும் இருக்கும். கையில் காசு குறைவு, வயதும் குறைவு என்றால் முதலில் முயல வேண்டியது இதைத்தான். தேர்வு அறிவிப்பு சீசனுக்குச் சற்று முன்னால் வந்து சீக்கிரம் முடிந்துவிடும், கவனமாக இருங்கள். இன்னொரு வகை, தேசிய சாம்பியன்ஷிப்பில் புதியவர்களுக்கென்று இருக்கும் 165 சிசி நாவிஸ் வகுப்பு. இதில் சொந்த வண்டியும் ஓட்டலாம், தனியார் டீம்களிடம் வாடகைக்கும் எடுக்கலாம்.

முதல் ரேஸுக்கு வாடகை வண்டிதான் நல்லது என்பது என் கருத்து. விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஆனால் டயர், மெக்கானிக், ஸ்டாண்ட், வண்டியைக் கொண்டுவரும் செலவு எல்லாம் அதில் அடங்கியிருக்கும். விழுந்தால் யார் செலவு, எந்தப் பாகத்துக்கு எவ்வளவு என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "பாத்துக்கலாம் ப்ரோ" என்ற பதிலை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

2. போட்டி லைசென்ஸ்: சீசனுக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்

ஆர்.டி.ஓ. தரும் ஓட்டுநர் உரிமம் வேறு, இது வேறு. இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்புகளின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. தரும் போட்டி லைசென்ஸ் இல்லாமல் ரேஸில் பெயர் கொடுக்க முடியாது. விண்ணப்பம், கட்டணம் எல்லாம் அவர்கள் இணையதளத்திலேயே.

தயாராக வைத்திருக்க வேண்டியவை: புகைப்படம், வயதுச் சான்று, முகவரிச் சான்று, ரத்த வகை, பயிற்சிச் சான்றிதழ், மருத்துவத் தகுதிச் சான்று. 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோர் சம்மதக் கடிதமும் வேண்டும். அதை முத்திரைத் தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அப்பா ஊரில், பையன் சென்னையில் என்றால் இந்த ஒரு கடிதமே ஒரு வாரத்தைத் தின்றுவிடும்.

நம் ஊர்க்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது பெயரில்தான். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து பின்னால் நிற்கும், பள்ளிச் சான்றிதழில் இனிஷியலே கடைசியில் இருக்கும். ஆன்லைன் படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று தனித்தனியாகக் கேட்கும். எந்த அடையாள அட்டையை இணைக்கிறீர்களோ அதில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். மருத்துவச் சான்றிலும், பயிற்சிச் சான்றிலும், பிறகு ரேஸ் என்ட்ரியிலும் அதே பெயர்தான் இருக்க வேண்டும். பள்ளியில் சேரும்போது "கார்த்தி" என்று செல்லப்பெயரைக் கொடுத்துவிட்டால், சான்றிதழும் கார்த்தி என்றே வரும். அதை மாற்ற அலைய வேண்டியிருக்கும்.

மருத்துவச் சான்றை அவர்கள் படிவத்திலேயே வாங்குங்கள். டாக்டரின் பதிவு எண்ணும் முத்திரையும் தெளிவாக இருக்கிறதா என்று கிளினிக்கை விட்டு வெளியே வருவதற்கு முன்பே பாருங்கள். லெட்டர் பேடில் "ஃபிட்" என்று ஒரு வரி எழுதி வாங்கினால் அது திரும்பி வரும்.

லைசென்ஸ் நாட்காட்டி ஆண்டுக்குத்தான், டிசம்பர் 31-ல் முடியும். அக்டோபரில் எடுத்தாலும் மூன்று மாதம்தான். சாலைப் பந்தய சீசன் வழக்கமாக ஆண்டின் நடுவில் சூடு பிடிக்கும் என்பதால் மார்ச், ஏப்ரலில் விண்ணப்பித்தால் கட்டிய காசுக்கும் பயன், கடைசி நேர ஓட்டமும் இல்லை.

3. இன்சூரன்ஸ்: கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

வண்டி பாலிசியை எடுத்துப் பாருங்கள். பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியில் ஒழுங்குசெய்யப்பட்ட பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டிருக்கும். டிராக்கில் வண்டி நொறுங்கினால் செலவு முழுக்க உங்களுடையது. சாலையில் விழுந்ததாகச் சொல்லி க்ளைம் போடலாம் என்று பேடாக்கிலேயே யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். அது மோசடி, மாட்டினால் பாலிசியே போகும்.

உடல்நலக் காப்பீட்டில் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொது விலக்குகளில் 09 என்ற எண்ணில், ஆபத்தான விளையாட்டுகளில் தொழில்முறையாகப் பங்கேற்பதால் வரும் சிகிச்சைச் செலவு விலக்கப்படுகிறது. அந்தப் பட்டியலில் மோட்டார் ரேஸிங் பெயர் சொல்லியே இருக்கிறது. நீங்கள் தொழில்முறை ஆள் இல்லை, சரி. ஆனால் அதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு வாதாட முடியாது. "வார இறுதியில் அமெச்சூராக லைசென்ஸோடு ரேஸ் ஓட்டினால் கவர் உண்டா?" என்று இப்போதே மெயில் அனுப்பிப் பதிலை வாங்கி வையுங்கள். அலுவலகக் குழுக் காப்பீடு என்றால் எச்.ஆரிடம் பாலிசி நகலைக் கேளுங்கள்.

போட்டி லைசென்ஸோடு ஒரு விபத்துக் காப்பீடு சேர்ந்து வரும். அதன் வரம்பு எவ்வளவு, மருத்துவச் செலவுக்கு எவ்வளவு என்பதைப் படித்துவிட்டு, பற்றாததற்குத் தனியாக ஏற்பாடு செய்யுங்கள்.

4. உடை: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது

ஹெல்மெட் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருந்தால் சாலைக்குப் போதும். டிராக்கில் ஈ.சி.ஈ. அல்லது ஸ்னெல் தரச்சான்று உள்ள முழு ஹெல்மெட்டையும், கிளிக் பூட்டுக்குப் பதிலாக இரட்டை டி வளையப் பூட்டையும் எதிர்பார்ப்பார்கள். ஈ.சி.ஈ. தரத்தில் 22.05-க்கு அடுத்து வந்தது 22.06. புதிதாக வாங்குகிறவர்கள் 22.06 பார்த்து வாங்குங்கள். முன்பக்கம் திறக்கும் மாடுலர் ஹெல்மெட்டை உள்ளே விட மாட்டார்கள். செகண்ட் ஹேண்ட் ஹெல்மெட் வேண்டவே வேண்டாம். கீழே விழுந்ததா இல்லையா என்பது பார்த்தால் தெரியாது.

தோல் சூட் மட்டும் செகண்ட் ஹேண்டில் வாங்கலாம். ஒன் பீஸ், அல்லது இடுப்பைச் சுற்றி முழு ஜிப்பால் இணையும் டூ பீஸ். போட்டுப் பார்க்கும்போது நிமிர்ந்து நின்றால் அசௌகரியமாக இருக்க வேண்டும், வண்டியில் குனிந்து உட்கார்ந்தால் சரியாக இருக்க வேண்டும். நிற்கும்போதே சௌகரியமாக இருக்கிறதென்றால் அது பெரிய சைஸ். விழும்போது முழங்கைப் பேட் இடம் மாறிப்போகும். தையலைப் பாருங்கள், குறிப்பாக உட்காரும் இடத்திலும் தோளிலும். முதுகுக் காப்பு தனியாக வாங்க வேண்டியிருக்கும். கையுறை மணிக்கட்டை மூடி சூட்டின் கைமேல் ஏற வேண்டும், பூட்ஸ் கணுக்காலைத் தாண்ட வேண்டும்.

விலை, நான் கடைகளில் விசாரித்த அளவில்: 22.06 ஹெல்மெட் 6,000 ரூபாயிலிருந்தே கிடைக்கிறது. நல்ல பூட்ஸ் 12,000-க்கு மேல். கையுறை 5,000-க்கு மேல். இந்தியத் தயாரிப்பு தோல் சூட் 30,000-ஐ ஒட்டித் தொடங்கும், வெளிநாட்டுப் பிராண்ட் என்றால் லட்சத்தைத் தாண்டும். இரண்டு ரேஸ் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்கிறவர்கள் சூட்டை வாடகைக்கு எடுங்கள். ஹெல்மெட்டும் கையுறையும் சொந்தமாக இருக்கட்டும்.

சூட்டுக்குள் போட லைக்ரா இன்னர் ஒன்று வாங்குங்கள். சென்னை வியர்வையில் அது இல்லாமல் தோல் சூட்டைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும்.

5. வண்டி: வேகமாக்க வேண்டாம், ஸ்க்ரூட்டினியில் (ரேஸுக்கு முன் நடக்கும் வண்டிப் பரிசோதனை) பாஸ் ஆக்குங்கள்

புதியவர்கள் முதலில் செலவு செய்வது சைலன்சரில். அதே காசில் ஒரு செட் நல்ல டயரும் ஒரு நாள் பிராக்டிஸும் வாங்கலாம். அதோடு ஸ்டாக் வகுப்பில், அதாவது பெரும்பாலும் கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓட்டும் வகுப்பில், எந்தப் பாகத்தை மாற்றலாம் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. நீங்கள் ஆசையாக மாட்டியதே உங்களை வெளியே அனுப்பிவிடும்.

கழற்ற வேண்டியவை: கண்ணாடிகள், நம்பர் பிளேட், இண்டிகேட்டர், சைடு ஸ்டாண்ட், சென்டர் ஸ்டாண்ட், சாரி கார்டு, கிராப் ரெயில், பின்னிருக்கை ஃபுட்பெக். ஹெட்லைட்டையும் டெயில் லைட்டையும் கழற்ற வேண்டும், டிராக் டே என்றால் டேப் ஒட்டினால் போதும். பிரேக் லைட் எரியக்கூடாது. சைடு ஸ்டாண்டைக் கழற்றும்போது அதன் சென்சார் ஒயரையும் கவனியுங்கள். சில வண்டிகள் ஸ்டாண்ட் இறங்கியிருப்பதாக நினைத்து ஸ்டார்ட் ஆகாது.

சேர்க்க வேண்டியவை: இன்ஜின் ஆயில் வெளியேற்றும் போல்ட்டுக்கும், ஆயில் ஊற்றும் மூடிக்கும், கழன்றுவிடாமல் பிடிக்கும் லாக் வயர். போல்ட் தலையில் சன்னமாகத் துளை போட வேண்டும். தெருமுனை லேத் பட்டறையிலேயே போட்டுத் தருவார்கள், ஒரு போல்ட் உடைந்தால் இருக்கட்டும் என்று இரண்டு கொடுங்கள். அடுத்து, முன் பிரேக் லீவரில் எதுவும் இடிக்காமல் காக்கும் லீவர் கார்டு, செயினுக்கும் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே விரல் போகாதபடி ஒரு தடுப்பு, ஆயில் சிந்தினால் பிடிக்க அடியில் பெல்லி பேன், ஓவர்ஃப்ளோ குழாய்களுக்கு ஒரு கேட்ச் டப்பா. எதெல்லாம் உங்கள் வகுப்பில் கட்டாயம் என்பது விதிப் புத்தகத்தில் இருக்கும். கட்டாயமில்லை என்றாலும் லாக் வயரும் லீவர் கார்டும் போடுங்கள். உதிரிகளுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. விழுந்து உடைப்பதற்கென்றே பழைய ஃபேரிங், லீவர், ஃபுட்பெக் வேண்டுமென்றால் புதுப்பேட்டை.

ஆர்15 போன்ற லிக்விட் கூல் வண்டி என்றால் கூலன்ட்டை வடித்துவிட்டு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். கூலன்ட்டில் இருக்கும் கிளைக்கால் டிராக்கில் சிந்தினால் பின்னால் வருகிறவர்கள் வரிசையாக வழுக்கி விழுவார்கள். துடைத்தாலும் சீக்கிரம் போகாது. ஸ்க்ரூட்டினியில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து நிறம் பார்ப்பார்கள்.

பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றுங்கள். பிரேக் பேட் புதிது போட்டால் வருவதற்கு முன்பே சாலையில் ஓட்டிப் பழக்கிவிடுங்கள். புது டயரை முதல் சில சுற்றுகள் மெதுவாகச் சாய்த்துச் சாய்த்து மேல்பூச்சு போக ஓட்ட வேண்டும். க்வாலிஃபையிங் (ரேஸில் யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவாகும் செஷன்) காலையில் புது டயர் மாட்டி நேராக முறுக்கினால் முதல் வளைவிலேயே மண்ணில் இருப்பீர்கள். டயர் காற்று சாலைக்குச் சொன்ன அளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும், எவ்வளவு என்பதை அந்த டயர்க்காரர்களிடமோ அதே டயரில் ஓட்டுகிறவர்களிடமோ கேளுங்கள். ஓட்டிவிட்டு உள்ளே வந்த உடனே அளக்க வேண்டும், டீ குடித்துவிட்டு வந்து அளந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. நல்ல பிரஷர் கேஜ் ஒன்று சொந்தமாக வாங்குங்கள். பங்க் மீட்டரை நம்ப முடியாது.

6. எஸ்.ஆரும் என்ட்ரியும்

சாம்பியன்ஷிப்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் (ஒரு ரேஸ் வார இறுதிதான் ஒரு சுற்று) முன்னால் சப்ளிமென்டரி ரெகுலேஷன்ஸ் என்று ஒரு ஆவணம் வரும். எல்லோரும் எஸ்.ஆர். என்பார்கள். வகுப்புகள், கட்டணம், கடைசித் தேதி, தாமதக் கட்டணம், நேர அட்டவணை, அனுமதிக்கப்பட்ட டயர் எல்லாம் அதில்தான். அச்செடுத்துப் பேனாவால் கோடு போட்டுப் படியுங்கள். கடைசித் தேதி ரேஸுக்குப் பல நாள் முன்பே முடிந்துவிடும். தாமதமாகக் கட்டினால் கட்டணம் கணிசமாகக் கூடும், வகுப்பு நிரம்பிவிட்டால் காசு கொடுத்தாலும் இடமில்லை.

பணம் கட்டிய ரசீது, லைசென்ஸ், அடையாள அட்டை, இழப்பீட்டுப் பொறுப்புத் துறப்புப் படிவம், எல்லாம் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில். போனிலும் ஒரு நகல் இருக்கட்டும், ஆனால் அசல் கையில் வேண்டும். லேப் டைம் பதிவு செய்யும் டிரான்ஸ்பாண்டரை வாடகைக்குத் தருவார்கள், அதற்கு ஈடாக முன்பணமோ லைசென்ஸோ கேட்பார்கள். திருப்பிக் கொடுக்காமல் ஞாயிறு மாலை ஊருக்குக் கிளம்பினால் அதன் முழு விலையும் உங்கள் தலையில்.

உடன் வரும் நண்பருக்கும் மெக்கானிக்குக்கும் பாஸ் எத்தனை என்று பாருங்கள். குறைந்தது ஒருவராவது கட்டாயம் கூட வேண்டும். ஸ்டாண்டில் வண்டியை ஏற்ற, பெட்ரோல் பார்க்க, விழுந்தால் ஆம்புலன்ஸோடு வர.

7. வண்டியையும் உங்களையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது

கண்ணாடியும் நம்பர் பிளேட்டும் இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்டிப் போக முடியாது. குட்டி யானை பிடியுங்கள். ராட்செட் ஸ்ட்ராப் நான்கு உங்களுடையதாக இருக்கட்டும். கயிறு போட்டுக் கட்டினால் பூந்தமல்லி தாண்டுவதற்குள் தளர்ந்துவிடும். திரும்பி வரும் நாளுக்கும் அதே டிரைவரிடம் இப்போதே பேசி வையுங்கள். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அங்கே வண்டி தேடுவது கொடுமை.

பெட்ரோலை முன்கூட்டியே யோசியுங்கள். டேங்க்கை நிரப்பிக்கொண்டு வாருங்கள், கூடுதலுக்கு உலோக கேன் கொண்டு வாருங்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் பங்க்கில் தர மாட்டார்கள்.

சைடு ஸ்டாண்டைக் கழற்றிவிட்டதால் பேடாக் ஸ்டாண்ட் இல்லாமல் வண்டியை நிறுத்தவே முடியாது. புதியவர்கள் மறப்பதில் இதுதான் முதலிடம். மற்றவை: ஸ்பேனர் செட், டேப், கேபிள் டை, லாக் வயர், உதிரி லீவர்கள், செயின் லூப் ஸ்ப்ரே, காற்றடிக்கும் பம்ப், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், நாற்காலி, தீயணைப்பான், துணி. நீல நிறத் தார்ப்பாய் ஒன்று, வெயிலுக்கும் மழைக்கும். ஜூன், ஜூலையில் பகலெல்லாம் கொளுத்திவிட்டு மாலையில் இடி மழை வருவது சென்னையின் வழக்கம்.

தங்குவதற்கு ஸ்ரீபெரும்புதூரில் லாட்ஜுகள் உண்டு, ஆனால் சுற்றிலும் தொழிற்சாலைகள் என்பதால் அறைகள் கம்பெனி ஆட்களால் நிரம்பியிருக்கும். வாரக்கடைசிக்கு முன்பே பதிவு செய்யுங்கள்.

8. வெள்ளிக்கிழமை

அட்டவணை சுற்றுக்குச் சுற்று மாறும். பொதுவாக வெள்ளி பிராக்டிஸும் ஸ்க்ரூட்டினியும், பிறகு க்வாலிஃபையிங், சனி ஞாயிறில் ரேஸ்கள். காலை ஏழுக்கு முன் உள்ளே இருங்கள். அலுவலகத்தில் வெள்ளி லீவு போடாமல் இதைச் செய்ய முடியாது.

முதலில் பேப்பர் கவுண்டர், அப்புறம் ஸ்க்ரூட்டினி. கழுவிச் சுத்தமாக இருக்கும் வண்டியைப் பரிசோதகர் சீக்கிரம் விடுவார். எண்ணெய் பிசுக்கோடு கொண்டுபோனால் கசிவு எங்கே என்று தேட ஆரம்பிப்பார். சூட், ஹெல்மெட், கையுறை, பூட்ஸ், முதுகுக் காப்பு எல்லாவற்றையும் கூடவே எடுத்துப் போங்கள். ஏதாவது குறை சொன்னால் வாதாட வேண்டாம். அரை மணி நேரத்தில் சரிசெய்து மறுபடி வரிசையில் நில்லுங்கள். வரிசை நீளமாகும் முன் போவதன் பயன் இதுதான்.

ரைடர்ஸ் பிரீஃபிங் கட்டாயம். வராதவருக்கு அபராதம் உண்டு. பிட்டிலிருந்து (டிராக்கை ஒட்டி வண்டிகள் நிற்கும் இடம்) டிராக்குக்குள் நுழையும் வெள்ளைக் கோட்டை எங்கே வரை தாண்டக்கூடாது, பிட் லேனில் வேக வரம்பு என்ன, தவறான ஸ்டார்ட்டுக்கு என்ன தண்டனை, மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்வார்கள். புரியாவிட்டால் தமிழிலேயே கேளுங்கள், கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பிராக்டிஸில் லேப் டைமைப் பற்றி யோசிக்காதீர்கள். முதல் செஷனில் ஒவ்வொரு மார்ஷல் போஸ்ட்டும் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கொடி அங்கிருந்துதான் வரும்.

9. கொடிகள்: இவை தெரியாமல் இறங்காதீர்கள்

மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து. வேகம் குறைத்து, யாரையும் முந்தாமல், பச்சைக் கொடி பார்க்கும் வரை போக வேண்டும். புதியவர்கள் தண்டனை வாங்குவது பெரும்பாலும் மஞ்சளில் முந்தித்தான். சிவப்பு என்றால் செஷன் நின்றது. சடாரென்று பிரேக் அடிக்காமல், கையைத் தூக்கிக் காட்டி, மெதுவாகப் பிட்டுக்கு வர வேண்டும். மஞ்சளில் சிவப்புக் கோடுகள் இருந்தால் அங்கே பிடிமானம் இல்லை, ஆயில் அல்லது தண்ணீர். நீலம் என்றால் உங்களைவிட வேகமானவர் பின்னால் வந்துவிட்டார். பதறி ஓரம் ஒதுங்க வேண்டாம். உங்கள் கோட்டிலேயே போங்கள், ஆனால் மறிக்காமல் அவரைச் சீக்கிரம் முந்த விடுங்கள். கறுப்பில் ஆரஞ்சு வட்டமும் உங்கள் எண்ணும் காட்டினால் உங்கள் வண்டியில் ஏதோ கோளாறு, ஆயில் சிந்திக்கொண்டிருக்கலாம். அடுத்த சுற்றுக்குக் காத்திருக்காமல் உடனே டிராக்கை விட்டு வெளியேறுங்கள்.

10. சனி, ஞாயிறு

165 சிசி வண்டியில் வேகமானவர்களுக்கே ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டு நிமிடம். ஆறு அல்லது எட்டுச் சுற்று ரேஸ் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். மீதி நேரமெல்லாம் காத்திருப்புதான். அந்தக் காத்திருப்பில்தான் உடம்பு வற்றிப்போகும். காலையிலிருந்தே தண்ணீர், ஓ.ஆர்.எஸ்., உப்பு போட்ட மோர். மதியம் பிரியாணி வேண்டாம், தயிர் சாதம் போதும்.

உங்கள் ரேஸ் எத்தனை மணிக்கு என்பதைவிட, ரேஸுக்கு முன் வண்டிகள் கூடும் அசெம்பிளி ஏரியாவுக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதைப் பாருங்கள். அந்தக் கதவு மூடிவிட்டால் ஸ்டார்ட் வரிசையான கிரிடில் உங்கள் இடம் போச்சு, பிட் லேனிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். முன்னால் நடக்கும் ரேஸில் விபத்து நடந்தால் அட்டவணை தள்ளிப்போகும், சில சமயம் திடீரென்று முன்னாலும் வரும். மைக்கில் காது வையுங்கள்.

ரேஸ் முடிந்ததும் நேராக ஷெட்டுக்குப் போகாதீர்கள். பார்க் ஃபெர்மே என்ற தடுப்புக்குள் நிறுத்தச் சொன்னால் அங்கேதான், அனுமதி வரும் வரை வண்டியைத் தொடக்கூடாது. முடிவுத் தாளை ஒட்டுவார்கள். ஆட்சேபம் இருந்தால் எஸ்.ஆரில் சொன்ன நேரத்துக்குள், வழக்கமாக அரை மணிக்குள், எழுத்தில் கட்டணத்தோடு கொடுக்க வேண்டும். வாயால் சண்டை போட்டுப் பயனில்லை.

11. விழுந்தால்

சறுக்கி நிற்கும் வரை எழ முயலாதீர்கள். நின்றுவிட்டேன் என்று நினைத்து எழுந்து ஓடும்போதுதான் பலர் கால் முறிகிறது. நின்ற பிறகு வருகிற வண்டிகளைப் பார்த்துவிட்டு டயர் சுவருக்குப் பின்னால் போங்கள். வண்டியை எடுக்க ஓடாதீர்கள், அது மார்ஷல்கள் வேலை. தலை அடிபட்டிருந்தால் மறைக்காமல் டிராக் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் அனுமதி இல்லாமல் அடுத்த ரேஸில் இறங்க முடியாது. தரையில் மோதிய ஹெல்மெட் அத்தோடு முடிந்தது. அதனால்தான் வசதி இருக்கிறவர்கள் இரண்டு ஹெல்மெட் கொண்டு வருவார்கள்.

12. செலவுக் கணக்கு

என்ட்ரி கட்டணத்தை மட்டும் பார்த்து "இவ்வளவுதானா" என்று இறங்குகிறவர்கள் இரண்டாவது சுற்றில் காணாமல் போகிறார்கள். சொந்த வண்டி என்றால் ஒரு வார இறுதியில் டயர், குட்டி யானை, அறை, சாப்பாடு, பெட்ரோல், மெக்கானிக் கூலி எல்லாம் சேர்ந்து என்ட்ரியைத் தாண்டிவிடும். அதற்கு மேல் விழும் செலவு. லீவர், ஹேண்டில் பார், ஃபுட்பெக், ஃபேரிங் என்று ஒரு சாதாரணச் சறுக்கலுக்கே சில ஆயிரங்கள் ஆகும். விழும் செலவுக்கான தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதியில் எத்தனை சுற்றுக்குப் பெயர் கொடுக்கலாம் என்று கணக்குப் போடுங்கள். சீசன் முழுக்க ஓட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை. இரண்டு சுற்றை ஒழுங்காக ஓட்டிவிட்டு, மிச்சக் காசில் பிராக்டிஸ் நாட்கள் எடுப்பது புத்திசாலித்தனம்.

13. திங்கட்கிழமை

வண்டியைச் சாலைக்கு எடுப்பதற்கு முன் டிஸ்டில்டு வாட்டரை வடித்துக் கூலன்ட் ஊற்றுங்கள். இன்ஜின் ஆயில் மாற்றுங்கள். டயர் காற்றைச் சாலை அளவுக்கு ஏற்றுங்கள். கண்ணாடி, நம்பர் பிளேட், இண்டிகேட்டர் மாட்டி, பிரேக் லைட் ஒயரை மறுபடி இணைத்துவிட்டீர்களா என்று பாருங்கள். இதை மறந்துவிட்டு அலுவலகம் போகிறவர்கள் நிறைய. சூட்டை ஈரத்துணியால் துடைத்து நிழலில் தொங்கவிடுங்கள், வெயிலில் போட்டால் தோல் வெடிக்கும். எந்த டயர், எவ்வளவு காற்று, எத்தனை பல் ஸ்ப்ராக்கெட், என்ன லேப் டைம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அடுத்த முறை டிராக்கில் யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். அடுத்த சுற்றின் எஸ்.ஆர். வந்துவிட்டதா என்றும் பாருங்கள். கடைசித் தேதி பெரும்பாலும் நினைத்ததைவிடப் பக்கத்தில்தான் இருக்கும்.